சிறுதேரை யார் உருட்டுவது?

குழந்தைக்கு வண்டி வாங்குவது இலக்கியம் படித்தவர்கள் விவாதிக்க வேண்டிய விஷயம் என்று சொன்னால், இந்தப் பக்கங்களை வாசிக்கும் நண்பர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், அதாவது ஏற்கெனவே பேட்டரி ஜீப் வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பவர்கள், கோபித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் ஆயத்தமாகவே எழுதுகிறேன். என் வாதம் சிறியது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே வைத்து விளையாட ஒரு வண்டி வாங்குவதென்றால், பிள்ளை நகர்த்துகிற வண்டியை வாங்க வேண்டும். பிள்ளையை நகர்த்துகிற வண்டியை வாங்கக் கூடாது. இந்த வேறுபாட்டை நம் பழம்புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களைப் பாடம் நடத்திப் பிழைக்கிற நாம்தான் மறந்துபோனோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பேட்டரி கார் என்று கடைகளில் விற்பது, பிளாஸ்டிக் உடலும் இருக்கைக்கு அடியில் 6 அல்லது 12 வோல்ட் பேட்டரியும் சக்கரத்தோடு சேர்ந்த ஒன்றிரண்டு சிறு மோட்டார்களும் கொண்ட ஒரு பண்டம். எட்டு மணி நேரத்திற்கு மேல் சார்ஜ் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும். வேகம் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர், அதாவது பெரியவர்கள் காய்கறி வாங்கப் போகும் வேகம். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், சீனத்துக் குழந்தைப் பாட்டு ஒன்று பாடும். பிள்ளை அதில் அமர்ந்து, பெல்ட் மாட்டிக்கொண்டு, காலடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் வண்டி நகரும். அந்த அழுத்தலும் தேவையில்லை என்றால் அப்பாவின் கையில் ரிமோட் இருக்கிறது. பிள்ளை மும்முரமாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பும். அப்பா ரிமோட்டில் வலப்பக்கம் திருப்புவார். வண்டி வலப்பக்கம் போகும். தான் திருப்பியதற்கும் வண்டி போனதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதைப் பிள்ளை மூன்று வயதிலேயே கற்றுக்கொள்கிறது. (பிற்காலத்தில் வாக்களிக்கப் போகும்போது இந்த அனுபவம் உதவக்கூடும்.)

மாலையில் எந்த அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்திலும் இந்த உலாவைக் காணலாம். நடுவில் அலங்காரத்தோடு பிள்ளை. பின்னால் ரிமோட்டோடு தந்தை. பக்கவாட்டில் கைப்பேசியில் படம் எடுத்தபடி தாய். முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டே தாத்தா. உற்சவமூர்த்தி புறப்பாடு என்பதைத் தவிர இதற்குப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. உற்சவமூர்த்திக்கும் பசி, வியர்வை, மூச்சிரைப்பு கிடையாது. இந்தப் பிள்ளைக்கும் கிடையாது. சுற்றி வருபவர்களுக்குத்தான் வியர்க்கிறது.

இப்போது பழைய தேருக்கு வருகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை என்று நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும். இரண்டிலும் பிள்ளைகளின் விளையாட்டுத் தேர் வருகிறது என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்த தேர் அவர்களிடம் இருக்கிறது. தேர் செய்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கே ஆசை வரவேண்டும் என்றால் வேலைப்பாடு எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! ஆனால் புலவர் அந்தத் தேருக்குத் தரும் அடைமொழி வேறு: அது ஏறி ஊர்ந்து செல்லாத தேர். பிள்ளைகள் அதை உருட்டிக்கொண்டே நடக்கிறார்கள். தளர்நடை. களைக்கிறார்கள். பிறகு செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகிறார்கள். விளையாட்டு, களைப்பு, பசி, பால், உறக்கம் என்ற அந்த வரிசையை ஒரு குழந்தை மருத்துவர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டார். பேட்டரி காரில் ஒரு மணி நேரம் வலம் வந்த பிள்ளை இரவு பதினொரு மணிக்கும் தூங்காமல் சோபாவிலிருந்து குதிக்கிறது என்று என்னிடம் முறையிடும் நண்பர்கள் இந்தப் பகுதியை எடுத்து ஒருமுறை படிக்கலாம்.

பட்டினப்பாலையில் இடம் காவிரிப்பூம்பட்டினம். முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் தங்கள் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை, குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரின் பாதையில் கிடந்து வழிமறிக்கிறது. செல்வ வளத்தைக் காட்டும் உயர்வு நவிற்சி என்று குறிப்பெழுதி நாம் கடந்துவிடுகிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, பிள்ளையின் வண்டிக்கு மூன்று சக்கரம். அதை இழுக்கக் குதிரை இல்லை என்று புலவர் மெனக்கெட்டுச் சொல்கிறார். பெரியவர்களின் தேரைக் குதிரை இழுக்கும். பிள்ளையின் தேரைப் பிள்ளைதான் இழுக்கும். நம் காலத்தில் அந்தக் குதிரையைப் பேட்டரியாக்கி இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறோம். இன்னொன்று அந்தப் பாதையைப் பற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குறுந்தொகையின் 61ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. தும்பிசேர் கீரனார் பாடியது, தோழி கூற்று. தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை பூட்டிய வண்டியில் ஏறிச் சென்று இன்புற முடியாவிட்டாலும், கையால் இழுத்தே இன்புறுகிறார்கள் சிறுவர்கள். அதுபோலத் தலைவனோடு கூடி இன்புறாவிட்டாலும் அவன் நட்பை எண்ணியே நாங்கள் இன்புற்றோம் என்கிறாள் தோழி. அங்கே இழுப்பது இரண்டாம்பட்ச இன்பம்தானே, ஏறிச் செல்வதுதானே முதல் இன்பம் என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். உவமையின் தர்க்கப்படி அது சரிதான். ஆனால் இழுப்பதில் இன்பம் உண்டு என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாக இல்லாவிட்டால் அந்த உவமையே நிற்காது. இந்தப் பாடலை இன்றைய மாணவர்களுக்கு நடத்தும்போது அந்த இடத்தில் ஒரு தடங்கல் வருகிறது. இழுப்பதில் என்ன இன்பம் என்று கேட்கிறார்கள். உரையாசிரியர்கள் விளக்கம் எழுத வேண்டிய தேவையே இல்லாதிருந்த ஓர் இடத்தில் நான் இப்போது பத்து நிமிடம் விளக்கம் சொல்கிறேன்.

பிள்ளைத்தமிழுக்கு வந்தால் மரபு உறுதிப்பட்டே விடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவம் சிறுதேர். முருகனாக இருந்தாலும் சோழனாக இருந்தாலும் அவனிடம் புலவர் வேண்டுவது தேரை உருட்ட வேண்டும் என்பதே. ஏறி அமர்ந்து காட்சி கொடு என்பதல்ல. அவன் வளர்ந்த பிறகு பெரிய தேரில் ஏறட்டும், அதற்கு உலா என்று வேறொரு சிற்றிலக்கிய வகை இருக்கிறது. நாம் செய்திருப்பது பிள்ளைத்தமிழ்ப் பருவத்துப் பிள்ளையை நேரே உலாவுக்கு அனுப்பிய காரியம். இலக்கிய வகைமையை ஒரு மாணவன் தேர்வுத்தாளில் இப்படிக் குழப்பினால் மதிப்பெண் போடுவோமா?

‘பிள்ளை ஆசைப்படுகிறதே, என்ன செய்ய?’ என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். ஆசைப்படாது என்று நான் சொல்லவில்லை. சூத்திரகனின் மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ என்று தமிழாக்கினார். அந்தத் தலைப்பே இந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான். சாருதத்தனின் மகன் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியை வைத்து விளையாடுகிறான். அந்தப் பிள்ளை அதைத் திரும்ப எடுத்துப் போய்விடுகிறது. பணிப்பெண் மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறாள். இவன் மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை மனமிளகித் தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்பி, பொன் வண்டி செய்துகொள் என்கிறாள். பிறகு அந்த நகைகளே வழக்கு மன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி அவனைக் கொலைக்களம் வரை கொண்டுபோய்விடுகின்றன. தவணை முறையில் பேட்டரி ஜீப் வாங்கியவர்கள் அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாடகத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பையன் அழுவது வண்டி ஓடவில்லை என்பதற்காக அல்ல. அது பொன் இல்லை என்பதற்காக. அடுத்த வீடு என்ற ஒன்று இல்லாதிருந்தால் மண் வண்டியே அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அடுத்த வீட்டின் ஆசையைப் பிள்ளையின் ஆசை என்று பெயர் மாற்றி நாம் கடைக்குப் போகிறோம்.

இந்தப் பண்டத்தின் குலமுறையும் அதையே சொல்கிறது. 1927இல், பந்தயக் கார்களுக்குப் பெயர் பெற்ற எத்தோரே புகாட்டி தன் நிறுவனத்தின் பந்தயக் காரைப் பாதி அளவில் மின்கலத்தால் ஓடும்படி சிறுவர்களுக்காகச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்குத் தூண்டுதல் தன் இளைய மகனுக்காகச் செய்த ஒன்று. வாங்கியவர்கள் புகாட்டியின் பெரிய கார்களை வாங்கக்கூடிய செல்வர்கள். அதாவது பிள்ளையின் பேட்டரி கார், தொடக்கத்திலிருந்தே, தந்தையின் காருக்கு விளம்பரம். பிளாஸ்டிக் வந்து, விலை இறங்கி, நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கு வந்தபோதும் அந்தத் தன்மை மாறவில்லை. நம் கடைகளில் அவற்றின் முகப்பில் ஒட்டியிருக்கும் சின்னங்களைப் பாருங்கள். எல்லாம் நாம் வாங்க முடியாத கார்கள். பாதுகாப்பு என்றால், அமெரிக்காவில் 1998இல் ‘பவர் வீல்ஸ்’ என்ற வகை வண்டிகள் சுமார் ஒரு கோடி எண்ணிக்கையில் திரும்ப அழைக்கப்பட்டன. மின்பாகங்கள் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644, மற்றவற்றுக்கு ஐ.எஸ். 9873 என்று தரவரிசை உண்டு. முத்திரை இல்லாததை வாங்கவே கூடாது. ஆனால் முத்திரை சொல்வது வண்டி தீப்பிடிக்காது என்பதைத்தான். பிள்ளை அசையும் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. கூடவே, தள்ளுவண்டி போன்றவற்றில் கட்டிப்போட்டது போல ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்திற்கு மேல் உட்கார வைக்காதீர்கள் என்கிறது. பெல்ட் மாட்டி, ஒரு மணி நேரம் ஓடும் பேட்டரியில் உட்கார வைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வீட்டுக்கு வெளியே கூட்டி வந்துவிட்டோம் என்பதற்காக அது விளையாட்டாகிவிடாது. வெளியில் நடத்தப்படும் உட்காருதல், அவ்வளவுதான்.

ஒரு விலக்கைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘கோ பேபி கோ’ என்ற முயற்சியில், நடக்க இயலாத சிறு பிள்ளைகளுக்காக இதே கடைப் பேட்டரி கார்களை மாற்றியமைத்துக் கொடுக்கிறார்கள். காலால் அழுத்த முடியாத பிள்ளைக்குக் கையால் அழுத்தும் பெரிய பொத்தான்; உடல் சாயாமலிருக்க முட்டு. அந்தப் பிள்ளை முதன்முறையாகத் தான் நினைத்த இடத்திற்குத் தானே போகிறது. அங்கே பேட்டரி பிள்ளையின் காலாகிறது. அந்த முயற்சியின் முன் நான் கைகூப்புவேன். கால் உள்ள பிள்ளைக்கு அதே பேட்டரி என்னவாகிறது என்பதே என் கேள்வி.

எதிர்முகாமையும் விட்டுவைக்கப் போவதில்லை. ‘நாங்களெல்லாம் நுங்கு வண்டி ஓட்டி வளர்ந்தோம், டயர் உருட்டி வளர்ந்தோம், வண்டியே வாங்க வேண்டாம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கிராமத்து நினைவுகளைத் தொடராக எழுதும் நண்பர்கள் பலர் இதில் சேர்த்தி. இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளி ஓடியது இனிமையானதுதான். ஆனால் அதை ஓட்டியவர்களுக்கு வயது ஆறு, ஏழு. மூன்று வயதுப் பிள்ளையால் கவைக்கம்பையும் சமாளித்து ஓடவும் முடியாது. மேலும் அன்று நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. இல்லாமையை அழகியலாக்கி அதை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுவது எனக்கு உவப்பானதல்ல. பெரும்பாணாற்றுப்படைப் பிள்ளையின் தேரும் வீட்டில் கிடந்ததைக் கொண்டு செய்ததல்ல; வேலை தெரிந்த தச்சன் செய்தது. வண்டி வாங்குங்கள். நல்ல வண்டியாக வாங்குங்கள்.

எதை வாங்குவது? நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு நடைவண்டி. திருவிழாக் கடைகளில் கிடைக்கும் மூன்று சக்கர மர நடைவண்டியைத்தான் சொல்கிறேன். பிள்ளையை நடுவில் தொங்கவிட்டு வட்டமாக உருளும் வாக்கரை அல்ல. அந்த வாக்கரைக் கனடா 2004இலேயே விற்பனைக்குத் தடை செய்துவிட்டது. நடைவண்டியின் பின்னால் பிள்ளை தன் எடையைத் தன் காலில் தாங்கி நிற்கிறது. வாக்கரிலோ துணிப் பட்டை தாங்குகிறது. நடைவண்டிக்கும் ஒரு குறை உண்டு. மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் பிள்ளை சற்றுச் சாய்ந்தவுடன் வண்டி வழுக்கி முன்னோடிவிடும், பிள்ளை முகம் குப்புற விழும். அது மண் தரைக்கான பொருள். மண்ணின் உராய்வுதான் அதற்கு பிரேக். வீட்டுக்குள் வைத்து ஓட்டிவிட்டு நடைவண்டி ஆபத்து என்று சொல்பவர்கள் வாசலுக்கு வெளியே ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும். கனமான அடிப்பலகை உள்ளதாக, சக்கரத்தின் அச்சாணி வெளியே நீட்டாததாக, சிராய்ப்பு இல்லாமல் இழைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர் செய்தவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அந்த முத்திரைக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால், பொறுப்பு வாங்குபவரின் கைவிரலுக்கு வருகிறது. தடவிப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு வயதுக்கு மேல் இரண்டு வழிகள். ஒன்று பெடல் இல்லாத இருசக்கர வண்டி. பேலன்ஸ் பைக் என்கிறார்கள். புதுமை என்று நினைக்க வேண்டாம். 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய, சைக்கிளின் முன்னோடியான வண்டிக்கும் பெடல் கிடையாது. இருக்கையில் அமர்ந்து காலால் தரையை உந்தி ஓடுவதுதான். மனிதகுலம் சைக்கிளைக் கற்ற வரிசையிலேயே பிள்ளையும் கற்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு உள்ளங்காலும் முழுமையாகத் தரையில் பதிந்து முழங்கால் சற்றே மடங்க வேண்டும். நுனிக்கால் மட்டும் பட்டால் வண்டி பெரிது. வண்டியின் எடை பிள்ளையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பதினைந்து கிலோப் பிள்ளைக்கு ஐந்து கிலோ வண்டி என்பதே மேல்வரம்பு. விழுந்த வண்டியைப் பிள்ளையே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். இந்தச் சோதனையில் பேட்டரி கார் எப்போதும் தோற்கும். வழியில் சார்ஜ் தீர்ந்தால் அதைத் தூக்க அப்பாவோடு காவலாளியும் வர வேண்டியிருக்கிறது.

மற்றது மூன்று சக்கர சைக்கிள். மூன்று வயதை ஒட்டிப் பெடல் மிதிக்க வரும். இதில் கவனிக்க வேண்டியது நிறத்தையும் மணியையும் அல்ல, அகலத்தை. பின்சக்கரங்கள் நெருக்கமாகவும் சீட் உயரமாகவும் இருந்தால் வேகமாகத் திரும்பும்போது வண்டி பக்கவாட்டில் கவிழும். பின்பக்கம் அகலமாக, சீட் தாழ்வாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தோடு பெடல் நேரடியாக இணைந்திருப்பதால், சரிவில் விட்டால் சக்கரம் சுழலும் வேகத்திற்குப் பெடலும் சுழன்று காலில் அடிக்கும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கும் கிடையாது. எனவே கார்கள் இறங்கும் சரிவுப் பாதை இதற்கு ஆகாது. வெறும் பிளாஸ்டிக் சக்கரம் சிமெண்ட் தரையில் சறுக்கும், கடகடவென்று தெருவையே எழுப்பும். ரப்பர் பட்டை சுற்றிய சக்கரம் நல்லது. நம் ஊர் வெயிலில் கறுப்பு சீட்டும் இரும்புக் கைப்பிடியும் பழுக்கக் காயும் என்பது வடிவமைப்பவர்களுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிய வேண்டும். பின்னால் பெரியவர்கள் தள்ளுவதற்கென நீண்ட கைப்பிடியும் மேலே குடையும் வைத்த சைக்கிள்கள் வருகின்றன. அவற்றில் கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்றால் வாங்கலாம். கழற்ற முடியாது என்றால் அது பேட்டரி இல்லாத உற்சவ வாகனம்.

கடைக்காரர் அடுத்துக் கேட்கும் கேள்வி, ‘பையனா, பொண்ணா சார்?’ பையன் என்றால் ஜீப்பைக் காட்டுகிறார். பெண் என்றால் சமையல் செட்டை. வண்டிதான் வேண்டும் என்று வற்புறுத்தினால் ரோஸ் நிறத்தில் பூப்போட்ட ஒன்றை. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் போற்றும் மரபே பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேரை எடுத்துவிட்டுக் கழங்கும் அம்மானையும் ஊசலும் கொடுத்தது. சிறுபறை, சிற்றில் சிதைத்தல், சிறுதேர் என ஆணுக்குத் தெருவில் இறங்கும் மூன்று விளையாட்டுகள். பெண்ணுக்குக் கொடுத்ததில் ஊசல் ஒன்றுதான் அசைவது. அதுவும் கட்டிய இடத்திலேயே அசைவது. மரபை ஆதாரம் காட்டுகிறவன் அதன் இந்தப் பக்கத்தையும் காட்ட வேண்டும். காட்டிவிட்டு, மீற வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும், ஏளனத்துக்கு நடுவே, முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் கற்றார்கள். மூன்று வயதில் ஒரு மூன்று சக்கர வண்டியாகக் கைக்கு வந்திருக்க வேண்டியதை ஒரு இயக்கம் வந்துதான் மீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தைக்கு வண்டி வாங்குவதில் நாம் காட்டும் தயக்கத்தின் நீளம் அதுதான்.

பாதையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். பட்டினப்பாலையில் அந்தத் தேர்ப் பாதைக் காட்சியோடு புலவர் இன்னொன்றையும் சேர்க்கிறார். வழியில் கிடக்கும் குழை போன்ற சிறு தடையைத் தவிர, கலங்க வைக்கும் பகை எதையும் அறியாத ஊர் அது என்கிறார். கரிகாலனின் தலைநகரை மதிலின் உயரத்தாலும் யானைகளின் எண்ணிக்கையாலும் அளந்திருக்கலாம். இந்த இடத்தில் அவர் பிள்ளையின் வண்டி தடையின்றிப் போகிறதா என்பதை வைத்து ஊரை அளக்கிறார். அந்த அளவுகோலை நம் ஊர்களில் வைத்துப் பாருங்கள். தெருவில் இருபுறமும் கார்கள் நிற்கின்றன. நடுவில் இருசக்கர வாகனங்கள் பறக்கின்றன. நடைபாதை இருந்தால் அதில் மின்மாற்றி நிற்கிறது. அடுக்ககத்துக்குள் வந்தால், ‘இங்கே பிள்ளைகள் விளையாடக் கூடாது’ என்று பலகை. பிள்ளைகள் பேட்டரி காரில் உட்கார வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் ரிமோட்டால் சுற்றவிடுவது எளிது. ஓடுகிற பிள்ளைக்கு இடம் வேண்டும், உட்கார்ந்த பிள்ளைக்கு வேண்டியதில்லை. வண்டித் தேர்வு பற்றிய கேள்வி கடையில் முடியாமல் தெருவுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே பேட்டரி ஜீப்புக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் பாதிக்கும் குறைவான செலவில் ஒரு சைக்கிளையோ பேலன்ஸ் பைக்கையோ ஒரு தலைக்கவசத்தையோடு சேர்த்து வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஆற்றலை இடம் கேட்பதில் செலவிடலாம். எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதினேழு பேர். மாலை ஐந்து மணி முதல் ஆறரை வரை கீழ்த்தளத்தின் கிழக்குப் பாதையில் கார் வராமல் இரண்டு தொட்டிகளை வைத்து மறிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, பதினொரு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். செயலாளர் வாங்கி வாசித்துவிட்டு, ‘ஒன்றரை மணி நேரம் ரொம்ப அதிகம் சார், ஒரு மணி நேரம்னு போடுங்க, கமிட்டியில் பேசிப் பார்க்கலாம்’ என்றார். ஒன்றரை மணி நேரம் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை.